மூன்று மொழிக்கு மூன்று கோயில், ஒரே ஆயர்

தோட்டத்துத் தமிழரும் ரயில்வே குமாஸ்தாக்களும் பிரெஞ்சுச் சாமியார்களும் சேர்ந்து உருவாக்கிய கோலாலம்பூர் உயர் மறைமாவட்டத்தின் கதை

பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் பூக்கடையும் பலகாரக் கடையும் புடவைக் கடையும் வரிசை கட்டி நிற்கின்றன. 2010 அக்டோபரில் அப்போதைய இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் மலேசியப் பிரதமர் நஜிப்பும் சேர்ந்து வந்து ‘லிட்டில் இந்தியா’ என்று திறந்துவைத்த வட்டாரம் இது. கிள்ளானில் தெங்கு கிளானா சாலையும் அப்படித்தான். தீபாவளிக்கு முந்தைய வாரம் அங்கே நடக்க இடமிருக்காது. இரண்டு சாலைகளிலும் கோதிக் பாணியில் கூர்கோபுரத்தோடு ஒவ்வொரு கத்தோலிக்க ஆலயம் நிற்கிறது. கிள்ளானில் இருப்பது 1928-ல் எழுந்த லூர்து மாதா ஆலயம். பிரிக்பீல்ட்ஸில் இருப்பது புனித ஜெபமாலை மாதா ஆலயம்.

லிட்டில் இந்தியாவில் இருப்பதால் ஜெபமாலை மாதா ஆலயம் தமிழருக்குக் கட்டியது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது சீனக் கத்தோலிக்கருக்காக 1900களின் தொடக்கத்தில் கட்டப்பட்டது. தமிழருக்கென்று 1910-ல் எழுந்தது புடு பக்கம், ராபர்ட்சன் சாலையில் உள்ள புனித அந்தோணியார் ஆலயம். இவை இரண்டுக்கும் மூத்தது புக்கிட் நனாஸ் குன்றின் மேல் இருக்கும் புனித யோவான் ஆலயம். ஐரோப்பியரும் யுரேசியரும் ஆங்கிலம் படித்தவர்களும் அங்கே போனார்கள். ஒரே மதம், ஒரே ஆயர், பூசையும் எல்லாருக்கும் ஒரே லத்தீனில்தான். ஆனாலும் சில கிலோமீட்டருக்குள் மூன்று கோயில்கள் தேவைப்பட்டன. பூசை லத்தீனில் நடந்தாலும் பிரசங்கமும் பாவசங்கீர்த்தனமும் தாய்மொழியில்தானே நடந்தாக வேண்டும்.

கோலாலம்பூர் உயர் மறைமாவட்டத்தின் வரலாற்றைப் பாப்பரசர்களின் ஆணைகளை அடுக்கியே எழுதிவிடலாம். பலரும் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதில் பாதிக் கதைதான் தெரிகிறது. எங்கே கோயில் எழும், யார் பங்குத் தந்தையாக வருவார், எந்த மணிக்கு எந்த மொழியில் பூசை என்பதையெல்லாம் முடிவு செய்தது ஈயமும் ரப்பரும் ரயிலும்தான். ரோமின் ஆணை பெரும்பாலும் அதற்குப் பின்னால்தான் வந்து சேர்ந்தது.

மயிலாப்பூரிலிருந்து மலாக்காவுக்கு

1511-ல் போர்த்துக்கீசியர் மலாக்காவைப் பிடித்தார்கள். 1545-ல் அங்கே வந்து இறங்கிய புனித பிரான்சிஸ் சவேரியார், அதற்கு முன் முத்துக்குளித்துறையில் பரதவர் ஊர்களில் அலைந்து, தமிழில் ஜெபங்களை எழுதிவைத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர். மயிலாப்பூரில் தோமையார் கல்லறையருகே சில மாதம் தங்கிவிட்டுத்தான் மலாக்காவுக்குக் கப்பல் ஏறினார். 1558-ல் கோவாவுக்குக் கீழ்ப்பட்ட மறைமாவட்டமாக மலாக்கா உயர்ந்தது. 1641-ல் டச்சுக்காரர்கள் வந்தார்கள். கத்தோலிக்க வழிபாட்டுக்குத் தடை விழுந்தது. அதன்பின் ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்குப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

1841-ல் ரோம் மலாய்த் தீபகற்பத்தைச் சயாமிலிருந்து பிரித்துத் தனி மறைத்தளம் ஆக்கியது. பொறுப்பு பாரிஸ் வெளிநாட்டு மறைபரப்புச் சபையிடம் போனது. அந்தக் காலத்தில் ரோம் உலகத்தைப் பாகம் பிரித்துச் சபைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. பசிபிக் தீவுகளின் மேற்குப் பகுதி 1836-ல் இன்னொரு பிரெஞ்சுச் சபையான மரியன்னைச் சபையாருக்குப் போயிற்று. அவர்களுக்குத் தீவுக்குத் தீவு கடல் தாண்டுவது பாடு. மலாயாவில் கடல் குறுக்கே கிடக்கவில்லை. சாமியார்கள் தாண்ட வேண்டியிருந்தது மொழிகளைத்தான். ஹக்கா, தியோச்சு, கந்தோனீஸ், தமிழ், மலாக்காவின் போர்த்துக்கீசியக் கிறிஸ்தாங், இவற்றுக்கெல்லாம் மேலே ஆங்கிலம்.

இங்கேதான் பாண்டிச்சேரி உதவிக்கு வந்தது. பாரிஸ் சபையார் 1776 முதலே பாண்டிச்சேரியில் தமிழ் மண்ணில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள். தமிழ் அகராதியும் இலக்கணமும் ஜெபப் புத்தகமும் அவர்கள் கையில் ஏற்கெனவே இருந்தன. தமிழ்த் தொழிலாளிக்குத் தமிழிலேயே புத்தி சொல்லக்கூடிய பிரெஞ்சுச் சாமியார்கள் மலாயாவுக்குக் கிடைத்தது அதனால்தான். அவர்களில் ஒருவர் ரெனே ஃபே. பேராக்கின் பாகான் செராயில் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கென்று 1880களில் ஒரு குடியேற்றத்தை உருவாக்கியவர், 1896-ல் மலாக்காவின் ஆயரானார். தோட்டமும் வயலும் சுற்றிய மனிதர் ஆயர் நாற்காலியில் அமர்ந்தது தமிழ்ப் பணிக்குப் பெரிய பலம். மலாக்கா மறைமாவட்டம் 1888-ல் மறுபடி நிறுவப்பட்டிருந்தது. பெயர்தான் மலாக்கா, ஆயரின் இருப்பிடம் சிங்கப்பூர்.

அந்தச் சிங்கப்பூரிலிருந்து பார்த்தால் கோலாலம்பூர் அப்போது ஈயச் சுரங்கத்தை ஒட்டிய சேற்று ஊர். 1883-ல் சார்லஸ் லெத்தெசியே என்ற சாமியார் புக்கிட் நனாஸில் ஆலயப் பணியைத் தொடங்கினார். மூன்று வருடத்தில், 1886-ல், கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றங்கரையின் புக்கிட் குடா வரை ரயில் ஓடத் தொடங்கியது. செங்கல் சூளைகள் இருந்த பிரிக்பீல்ட்ஸ் ரயில்வேக்காரர்களின் குடியிருப்பாக மாறியது. தண்டவாளத்தில் வேலை செய்தவர்கள் தமிழர், ஸ்டேஷனில் உட்கார்ந்து கணக்கு எழுதியவர்கள் யாழ்ப்பாணத்தார், தோட்ட அலுவலகத்திலும் ஆஸ்பத்திரியிலும் மலையாளிகள். மூன்று தரப்பிலும் கத்தோலிக்கர் இருந்தார்கள். செந்தூல் ரயில்வே பட்டறையை ஒட்டிப் புனித சூசையப்பர் ஆலயம் வந்ததும் இதே கணக்கில்தான்.

லயத்துக் கோயில்

ஆனால் தமிழ்க் கத்தோலிக்கரில் பெரும்பகுதி ரப்பர்த் தோட்டத்தில்தான் இருந்தது. நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர்கள் பினாங்கிலும் போர்ட் ஸ்வெட்டன்ஹாமிலும் இறங்கினார்கள். பின்னது இன்றைய கிள்ளான் துறைமுகம். நாகப்பட்டினத்திலிருந்து வேளாங்கண்ணி கூப்பிடு தூரம். கடல் தாண்டி வந்த கத்தோலிக்கக் குடும்பங்களில் மாதா படமில்லாத வீடு அபூர்வம். செப்டம்பர் 8-ஆம் தேதித் திருவிழாவையொட்டி வேளாங்கண்ணி மாதாவுக்குக் கொடியேற்றமும் நவநாளும் தேர்பவனியும் இன்றைக்கும் கிள்ளான் பள்ளத்தாக்கின் பல பங்குகளில் நடக்கின்றன.

தோட்டத்தில் சாமியார் தினம் இருக்க மாட்டார். மாதத்துக்கு ஒரு தடவை, சில இடங்களில் அதுவும் இல்லை. இடைப்பட்ட நாள்களில் உபதேசியார்தான் எல்லாம். ஜெபமாலை சொல்லுவார், பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் கற்பிப்பார், சாகக் கிடப்பவர் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபிப்பார், யாருக்கு ஞானஸ்நானம் பாக்கி என்று பட்டியல் வைத்திருப்பார். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட சிறு கோயில். அதற்கு எதிரில் மாரியம்மன் கோயில். இரண்டு திருவிழாவுக்கும் தோட்டமே கூடும். மறைமாவட்டத்தின் பதிவேடுகளில் உபதேசியார்களுக்குக் கிடைத்த இடம் கொஞ்சம்தான். என்னைக் கேட்டால், தோட்டங்களில் கத்தோலிக்கம் நிலைத்ததற்கு ஆயர்களைவிட அவர்களுக்கே அதிகம் நன்றி சொல்ல வேண்டும்.

சாதியும் அதே கப்பலில்தான் வந்து இறங்கியது. தமிழ்நாட்டுப் பங்குகளில் இருந்த பிரிவினை இங்கே லயத்து வரிசையிலும் கல்யாணப் பேச்சிலும் தொடர்ந்தது. மலேசியத் திருச்சபையின் நூற்றாண்டு மலர்களைப் புரட்டினால் இதைப் பற்றி ஒரு வரி கிடைப்பதும் கஷ்டம்.

ஒரு பட்டம், மூன்று ஆயர்கள்

1955 பிப்ரவரியில் ரோம் பழைய மலாக்காவை மூன்றாகப் பிரித்தது: மலாக்கா–சிங்கப்பூர் உயர் மறைமாவட்டம், பினாங்கு மறைமாவட்டம், கோலாலம்பூர் மறைமாவட்டம். சுதந்திரத்துக்கு இன்னும் இரண்டு வருடம் இருந்தது. ஆனால் பிரெஞ்சுக்காரரின் காலம் முடிகிறது என்று ரோமுக்கு அப்போதே புரிந்திருந்தது. கோலாலம்பூருக்கு முதல் ஆயராக வந்தவர் டொமினிக் வேந்தர்கோன், இலங்கை வேர் கொண்ட தமிழர். புக்கிட் நனாஸ் ஆலயம் 1950களில் புதிதாகக் கட்டப்பட்டு அவருடைய பேராலயமானது.

1972 டிசம்பரில் மலாக்கா–ஜொகூர் தனி மறைமாவட்டமாகப் பிரிந்தது. சிங்கப்பூர் நேரடியாக ரோமின் கீழ்ப் போனது. கோலாலம்பூர் உயர் மறைமாவட்டமாயிற்று. வேந்தர்கோன் முதல் பேராயர். 1983-ல் அவர் ஓய்வுபெற, சுங்கை பட்டாணியில் பிறந்த அந்தோணி சோத்தர் பெர்னாண்டஸ் வந்தார். 2003-ல் தாப்பாவில் பிறந்த மர்ஃபி பாக்கியம். ஏறக்குறைய அறுபது ஆண்டுகள், தொடர்ந்து மூன்று பேரும் இந்திய, இலங்கை வம்சாவளியினர். 2014-ல்தான் முதல் சீனப் பேராயர்: சிரம்பானில் பிறந்த ஜூலியன் லியோ. அந்த அக்டோபரில் காஜாங் திருக்குடும்ப ஆலயத்தில் அவருக்கு ஆயர் திருநிலைப்பாடு நடந்தது.

தோட்டத்துத் தமிழர் இந்தப் பட்டியலைப் பார்த்துப் பெருமைப்படுவதுண்டு. நியாயந்தான். ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆயர் ஆவதற்கு ஆங்கிலப் பள்ளி வேண்டியிருந்தது. லசால் சகோதரர்கள் 1904-ல் தொடங்கிய செயின்ட் ஜான்ஸ் பள்ளியும், கன்னியர் நடத்திய கான்வென்ட்டுகளும் நடுத்தர வர்க்கத்தை உருவாக்கின. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி ஆறாம் வகுப்போடு நின்றது. நிர்வாகத்தின் மொழி முன்பு பிரெஞ்சாக இருந்தது, பிறகு ஆங்கிலமாயிற்று. தமிழ் எந்தக் காலத்திலும் நிர்வாக மொழியாக இருந்ததில்லை.

பெர்னாண்டஸின் இருபது ஆண்டுகள் எளிதானவை அல்ல. 1987-ல் அரசு நடத்திய ‘ஓப்பராசி லாலாங்’ கூட்டுக் கைதுகளில் திருச்சபையின் சமூகப் பணியில் இருந்தவர்களும் பிடிபட்டார்கள். லசால் சகோதரர் அந்தோணி ரோஜர்ஸ் அவர்களில் ஒருவர். நீதியையும் சமாதானத்தையும் பற்றிப் பேசுவது பிரசங்க மேடையோடு நிற்காது என்று அந்த மறைமாவட்டம் அப்போது கற்றுக்கொண்டது. 2016-ல் போப் பிரான்சிஸ் பெர்னாண்டஸைக் கர்தினாலாக்கினார், எண்பத்துநான்கு வயதில். மலேசியாவின் முதல் கர்தினால் அவர்தான். எண்பது வயதைத் தாண்டியவர் புதிய பாப்பரசருக்கு ஓட்டுப் போட முடியாது. அது மரியாதைக்குக் கிடைத்த சிவப்புத் தொப்பி. 2020 அக்டோபரில், பெருந்தொற்றுக் கட்டுப்பாட்டின் நடுவில், அவர் காலமானார்.

யாருக்கு யார் மேல் அதிகாரம்?

கோலாலம்பூர் உயர் மறைமாவட்டத்தின் எல்லைக்குள் வருபவை சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங், திரங்கானு, கோலாலம்பூர், புத்ராஜெயா. மேற்கே கிள்ளான் துறைமுகத்தின் புனித அன்னாள் ஆலயத்திலிருந்து கிழக்கே தென்சீனக் கடற்கரை வரை ஒரே பேராயரின் பொறுப்பு. பினாங்கும் மலாக்கா–ஜொகூரும் அதன் சார்பு மறைமாவட்டங்கள். சரவாக், சபாவுக்குத் தனித்தனித் திருச்சபை மாகாணங்கள்: கூச்சிங் 1976 முதல், கோத்தா கினபாலு 2008 முதல்.

‘சார்பு’ என்பதால் பினாங்கு ஆயருக்குக் கோலாலம்பூர்ப் பேராயர் உத்தரவு போடுவார் என்று நினைத்துவிடக் கூடாது. அவரவர் மறைமாவட்டத்தில் அவரவர் ராஜா. பேராயருக்கு இருப்பது மூத்தவரின் இடம், கொஞ்சம் கண்காணிப்பு, கழுத்தில் போட ரோம் தரும் வெள்ளைக் கம்பளிப் பட்டை. இன்றைய நிலை இன்னும் வேடிக்கை: 2023-ல் பினாங்கு ஆயர் செபாஸ்டியன் பிரான்சிஸ் கர்தினால் ஆனார். சார்பு மறைமாவட்டத்தில் கர்தினால், தலைமை மறைமாவட்டத்தில் பேராயர். ரோமைப் பொறுத்தவரை இதில் குழப்பமே இல்லை. கர்தினால் பட்டம் ஆளுக்கு, மாகாணத் தலைமை ஊருக்கு.

உள்ளே இறங்கினால், பேராயருக்குத் துணையாகக் குருகுல முதல்வர், செயலர், குருக்கள் பேரவை, ஆலோசகர் குழு. அதற்குக் கீழே வட்டாரங்கள், வட்டாரத்துக்குள் பங்குகள், பங்குக்குள் அன்பியங்கள். இந்தக் கடைசிப் படி பழையது அல்ல. 1976-ல் தீபகற்பத்தின் ஆயர்களும் குருக்களும் ஒரு மாதம் ஒன்றாக உட்கார்ந்து பேசினார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கம் முடிந்து பத்து வருடம் ஆகியிருந்தது; வெளிநாட்டு மறைப்பணியாளர்களின் விசா கெடுபிடியில் பிரெஞ்சுச் சாமியார்கள் குறைந்துகொண்டே போனார்கள். சாமியாரை மட்டும் நம்பி இனிப் பங்கு நடத்த முடியாது என்ற முடிவிலிருந்துதான் அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்து ஜெபிக்கும் சிறு குழுக்கள் பிறந்தன. 1986 தொடங்கிப் பத்தாண்டுக்கு ஒருமுறை பொதுநிலையினரும் சேர்ந்த மாநாடு நடக்கிறது.

அன்பியம் நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது வீட்டு முகவரியை வைத்துப் பிரிப்பது. மொழியை வைத்து அல்ல. ஒரு தெருவில் தமிழ்க் குடும்பம் நான்கு, சீனக் குடும்பம் ஆறு, மலையாளி இரண்டு, யுரேசியர் ஒன்று என்று இருந்தால் அன்றைய ஜெபம் எந்த மொழியில் நடக்கும்? பெரும்பாலும் ஆங்கிலத்தில். மொழிக்கொரு கோயில் என்றிருந்த காலம் போய், எல்லைக்கொரு பங்கு என்றான பிறகு இதுதான் நடந்தது. யாரும் திட்டமிட்டுத் தமிழை ஒதுக்கவில்லை, ஒதுங்கிவிட்டது.

வழக்கில் நின்ற பதவி

உலகம் இந்த மறைமாவட்டத்தின் பெயரைக் கேள்விப்பட்டது ஒரு வழக்கில். மறைமாவட்டத்தின் வார இதழ் ‘ஹெரால்ட்’, 1994-ல் தொடங்கியது. ஆங்கிலம், மலாய், சீனம், தமிழ் என்று நான்கு மொழிகளில் வந்த இதழ். மலாய்ப் பக்கங்களில் இறைவனைக் குறிக்க ‘அல்லாஹ்’ என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்று உள்துறை அமைச்சு நிபந்தனை போட்டது. அந்தப் பக்கங்களைப் படித்தவர்கள் பெரும்பாலும் சபா, சரவாக் மக்கள். அவர்களுக்கு மலாய்தான் வழிபாட்டு மொழி. பேராயர் பாக்கியம் வழக்குப் போட்டார். 2009 டிசம்பர் 31-ல் உயர்நீதிமன்றம் திருச்சபைக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அடுத்த சில நாள்களில் பல ஆலயங்கள் மீது தாக்குதல் நடந்தது. 2013 அக்டோபர் 14-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பைத் தலைகீழாக்கியது. 2014 ஜூன் 23-ல் கூட்டரசு நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் மேல்முறையீட்டுக்கு அனுமதி மறுத்தது.

அந்த ஜூன் 23-ல் கோலாலம்பூருக்குப் பேராயரே இல்லை. பாக்கியம் முந்தைய டிசம்பரில் ஓய்வுபெற்றிருந்தார். லியோவின் நியமனம் ஜூலை 3-ல்தான் வந்தது. ஆனாலும் வழக்கு நின்றது. ஏனென்றால் வாதி பாக்கியம் என்ற மனிதர் அல்லர். ‘கோலாலம்பூர் ரோமன் கத்தோலிக்கப் பேராயர்’ என்ற பதவி. மலேசியச் சட்டத்தின் கண்ணில் அந்தப் பதவியே ஓர் ஆள். நிலம் வாங்கலாம், வழக்காடலாம், சாகாது. ஆலய மனைகள் அந்தப் பெயரில் இருப்பதால்தான் பேராயர் மாறும்போதெல்லாம் பத்திரம் மாற்றி எழுத வேண்டியதில்லை.

மனை என்றதும் ஷா ஆலம் நினைவுக்கு வருகிறது. சிலாங்கூரின் தலைநகராக வளர்ந்த அந்த நகரத்தில் ஓர் ஆலயம் கட்ட மறைமாவட்டம் பல பத்தாண்டுகள் காத்திருந்தது. கடைசியில் 2005-ல் இறை இரக்க ஆலயம் திறந்தது, தொழிற்பேட்டைப் பகுதியில், ஆலைகளுக்கு நடுவே. ஷா ஆலம் நிற்பதே ஒரு காலத்தில் தமிழர் பால் வெட்டிய சுங்கை ரெங்கம் தோட்டத்து மண்ணில். புத்ராஜெயா பெராங் பெசார் தோட்டம். சுபாங் ஜெயாவின் ஒரு பகுதி சீஃபீல்ட் தோட்டம். தோட்டம் போனதும் லயம் போனது, லயத்துக் கோயிலும் போனது. உபதேசியார் வைத்திருந்த ஞானஸ்நானப் பட்டியலில் இருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் கிள்ளான், ரவாங், பூச்சோங், பந்திங் என்று மலிவு வீடுகளுக்குச் சிதறினார்கள்.

எத்தனை மணிக்குப் பூசை?

பெரிய பங்கு ஒன்றின் அறிவிப்புப் பலகையைப் பாருங்கள். சனி மாலை ஆங்கிலம், ஞாயிறு விடியலில் ஒரு மொழி, காலையில் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று. நிர்வாக வரைபடங்களைவிட இந்தப் பலகைதான் மறைமாவட்டத்தில் யாருக்கு எவ்வளவு இடம் என்பதை நேராகச் சொல்லும். சமீப காலத்தில் அதில் புதிய பெயர்களும் சேர்ந்துவிட்டன. பேராலயத்தில் பிலிப்பினோக்கள் நிறைகிறார்கள். புளோரஸ் தீவிலிருந்து வந்த இந்தோனேசியர், மியன்மாரின் சின் மக்கள், வியட்நாமியர் எல்லாருக்கும் எங்கேயோ ஒரு நேரம் வேண்டும். 2020 கணக்கெடுப்பில் மலேசியாவின் கிறிஸ்தவர் 9.1 விழுக்காடு, பெரும்பாலோர் சபா, சரவாக்கில். அங்கிருந்து வேலைக்கும் படிப்புக்கும் கோலாலம்பூர் வந்த இளைஞர்களுக்காக மலாய்ப் பூசை பெருகியிருக்கிறது. தீபகற்பத்து ஆலயங்களில் இப்போது வளரும் மொழிகளில் மலாயும் ஒன்று.

நேரம் கூடாது, பலகை மட்டும் நிறையும். தமிழ்ப் பூசையைக் காலை ஏழு மணிக்குத் தள்ளலாமா என்ற கேள்வி பங்குப் பேரவைகளில் எழுந்தால் வீடு வரை சண்டை வரும். பெரியவர்கள் பாட்டன் காலத்துக் கோயில் என்பார்கள். இளைஞர்கள் பக்கத்து ஆங்கிலப் பூசைக்கு ஏற்கெனவே போய்க்கொண்டிருப்பார்கள்.

என் கணிப்பில் இந்தச் சண்டை தவறான இடத்தில் நடக்கிறது. தமிழ்ப் பூசையின் ஆயுளை முடிவு செய்யப்போவது கடிகாரம் அல்ல, மறைக்கல்வி வகுப்பு. நாட்டில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அங்கே படிக்கும் பிள்ளைக்கு ஞாயிற்றுக்கிழமை எழுந்து முதல் வாசகத்தைத் தமிழில் வாசிக்க வரும். தேசியப் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு வீட்டில் தமிழ் பேசினாலும் எழுத்துக் கூட்டக் கஷ்டம், அதனால் மறைக்கல்விக்கு ஆங்கில வகுப்பில் சேர்க்கிறார்கள். அந்தப் பிள்ளைக்குப் பதினைந்து வயதில் உறுதிப்பூசுதல் ஆங்கிலத்தில் நடக்கும், கல்யாணமும் ஆங்கிலத்தில் நடக்கும். தமிழ்ப் பூசைக்கு ஆள் குறைகிறதே என்று பேராயருக்கு மனு எழுதும் பெற்றோரில் எத்தனை பேர் தங்கள் பிள்ளையை எந்த மறைக்கல்வி வகுப்பில் சேர்த்திருக்கிறார்கள் என்று பங்கு அலுவலகத்தின் பதிவேட்டைப் புரட்டினால் தெரிந்துவிடும்.